ஊமத்தம் புகைக்குப் பின்

ஆஸ்துமா என்றதும் இலக்கிய நண்பர்கள் மார்செல் புரூஸ்டை நினைப்பார்கள். அடைத்த அறை, மருந்துப் பொடியின் புகை, விடிய விடிய எழுத்து. அது என்ன புகை என்று கேட்பவர் குறைவு. அக்காலத்து ஆஸ்துமாப் பொடிகளிலும் சிகரெட்டுகளிலும் பெரும்பாலும் ஊமத்தை இனச் செடிகளே இருந்தன. ஊமத்தையைப் புகைக்கும் முறையை 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றவர் மதராஸிலிருந்து திரும்பிய ஜெனரல் ஜென்ட்.

உடனே மார்தட்ட வேண்டியதில்லை. ஊமத்தையின் அட்ரோபின் மூச்சுக்குழலைத் தளர்த்தும். மூளைக்கும் சென்று பித்தும் பிடிக்கச் செய்யும். உன்மத்தம் என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்த மூலக்கூற்றைத் திருத்திச் செய்த இப்ராட்ரோபியம் நுரையீரலிலிருந்து ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. மூளைக்குள் எளிதில் புகாது. என் வியப்பெல்லாம் அந்தத் திருத்தத்தின்மீதுதான்.

ஆனாலும் அது துணை மருந்தே. கடுமையான இழுப்போடு அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைக்கு, சால்புடமாலுடன் இதையும் முதல் சில மணி நேரத்தில் சேர்த்துக் கொடுத்தால், வார்டில் சேர்க்க வேண்டிய நிலை குறைகிறது. சேர்த்தபின் தொடர்ந்து கொடுப்பதால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஒரே மருந்து, ஒரே பிள்ளை. காலம் மட்டுமே வேறு. எனக்கு இந்த இரண்டாவது முடிவே முக்கியமாகப் படுகிறது. மெக்னீசியத்தையும் இப்படி ஆவியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் அதனால் பலன் காணவில்லை.

நம் வீடுகளிலோ ‘மிஷின் வைத்தாயிற்று, சரியாகிவிடும்’ என்கிற நிம்மதி. (பம்ப் பழக்கமாகிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் மிஷினுக்கு அஞ்சுவதில்லை!) ஆவி தசையைத் தளர்த்துகிறது, குழலின் உள்வீக்கம் அப்படியே இருக்கிறது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு. அது வேலைசெய்யச் சில மணி நேரமாகும் என்பதால்தான் மருத்துவர்கள் முதலிலேயே கொடுக்கிறார்கள். பிள்ளை சிரித்துவிட்டது என்று அந்த மாத்திரையை மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். நள்ளிரவில் இழுப்பு திரும்புகிறது. மீண்டும் ஒரு குப்பியை உடைத்து ஊற்றுகிறோம்.

ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் சொல்லி முடிக்க முடியாதவருக்கு, உதடு நீலம் பாரித்தவருக்கு, அடுத்த குப்பியைத் தேடுவதில் பொருளில்லை. ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். வழியில் பம்பை நிறுத்தாமல்.