குதிரையா, கடிவாளமா?

'பொன்னியின் செல்வன்' கதை தொடங்குவது நம்ம ஊர்ப் பக்கத்தில்தான் என்பதில் நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமை உண்டு. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மேல் வருகிறான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு குதிரை. போன மாதம் அதே வீராணம் கரையில், லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு நோக்கி நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னால் 150 குதிரைகள் பூட்டியிருந்தன. ஓட்டியவர் மாப்பிள்ளை. பக்கத்தில் நான். பின் சீட்டில் என் மனைவி, மகள், நடுவில் பேரன்.

வண்டி எங்களுடையது அல்ல. மாப்பிள்ளையின் நெய்வேலி நண்பர் வைத்திருக்கும் வோக்ஸ்வேகன் விர்டஸ், 1.5 லிட்டர் டர்போ. ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தார். அவர் கார் வாங்கப் போகிறார். எல்லோரும் உயரமான எஸ்.யு.வி. பக்கம் ஓடுகிற காலத்தில் அவருக்கு செடான்தான் வேண்டுமாம். அதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார். "மாமா, இதில் 150 குதிரைத்திறன். ஹூண்டாய் வெர்னா டர்போவில் 160. கூடுதலாக இருப்பதைத்தானே வாங்க வேண்டும்?"

இந்தக் கேள்விக்கு ஏரிக்கரையிலேயே பாதி பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் மகனோ மருமகனோ இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஒன்றேகால் டன் எடையுள்ள செடான் ஒன்று சமதளமான ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போவதற்கு எத்தனை குதிரை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? காற்றின் தடை, டயரின் உராய்வு, கியர் பெட்டியில் போகும் சேதாரம் எல்லாம் சேர்த்தாலும் 15 முதல் 20 போதும். மீதி 130 குதிரையும் கொட்டகையில் கொள்ளு தின்றுகொண்டிருக்கும். நாற்பது குதிரை பிரீமியர் பத்மினியில் குடும்பத்தோடு திருப்பதி போய் வந்த தலைமுறை நாம். நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, மறந்துபோயிருக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் குதிரைத்திறன் எதற்கு? வேகம் எடுப்பதற்கு. அதாவது தாண்டுவதற்கு. இங்கே மாப்பிள்ளை பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில், சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் அசைந்துகொண்டு போனால் என்ன செய்வது? ஒதுங்க இடம் இல்லை. எதிரே பஸ் வருவதற்குள் தாண்டியாக வேண்டும். எதிர்ச் சாரியில் நாம் இருக்கும் நேரம் இரண்டு வினாடி குறைந்தாலும் அது உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்த இடத்தில் கை கொடுப்பது விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைத்திறன் அல்ல, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் டார்க். நம் ஆட்கள் இழுவை என்று சொல்வார்களே, அது. விர்டஸின் 1.5 எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கை 1600 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. டர்போ இல்லாத ஹோண்டா சிட்டி 121 குதிரை உள்ள நல்ல வண்டி, ஆனால் அதன் 145 நியூட்டன் மீட்டர் 4300 சுற்றில்தான் முழுசாக வரும். கியரைக் குறைத்து, எஞ்சினைக் கத்த விட்டால்தான் கிடைக்கும். ஆகவே தாண்டும் வேலைக்கு டர்போ நல்லது, ஒப்புக்கொள்கிறேன். வெர்னாவில் 253 நியூட்டன் மீட்டர். 250-க்கும் 253-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கரும்பு டிராக்டரும் கண்டுபிடிக்காது. 150-க்கும் 160-க்கும் அதே கதிதான்.

இனி கடிவாளத்துக்கு வருவோம். இளைஞர்கள் இதை ஹேண்ட்லிங் என்கிறார்கள். நாம் ரோடு கிரிப் என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் கிரிப் அதில் ஒரு பகுதிதான். ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை திருப்பினால் வண்டி ஒரு விரல்கடை மட்டும் திரும்ப வேண்டும். கூடவும் கூடாது, யோசித்துவிட்டுத் திரும்பவும் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே நிமிர வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் ஒரே குதியில் அடங்க வேண்டும், மூன்று தடவை ஊஞ்சல் ஆடக்கூடாது. சொன்ன பேச்சைக் கேட்கும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கு நம் நாட்டில் ஒரு தடவை நடந்து முடிந்தது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஐகான் 1999-இல் வந்தது. அதன் 1.6 பெட்ரோலுக்கு 92 குதிரை. கொஞ்ச நாளில் ஹோண்டா சிட்டியில் விடெக் எஞ்சின் வந்தது, 106 குதிரை. அந்தக் காலத்தில் இரண்டையும் ஓட்டியவர்களுக்குள் நடந்த சண்டை எம்.ஜி.ஆர்.–சிவாஜி சண்டைக்குக் குறைந்ததல்ல. நேர் ரோட்டில் சிட்டி பறக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் ஐகானை ஓட்டியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். இரண்டையுமே நான் இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன் (நமக்கு எப்போதும் இரவல் யோகம்தான்). சிட்டியில் வேகமுள் எங்கே நின்றது என்பது நினைவிருக்கிறது. ஐகானில் வேகமுள்ளையே பார்க்கத் தோன்றவில்லை. நான் ஐகான் கட்சி.

அதற்காகக் கடிவாளம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. குதிரையே இல்லாமல் கடிவாளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடல். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடல் அது! பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே வைத்ததோ பழைய வேன்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் எஞ்சின். அந்த உடம்பை இழுக்க அதற்குத் திராணி இல்லை. மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. கான்டெஸாவும் முதலில் அம்பாசடரின் எஞ்சினோடுதான் வந்தது. பிறகு இசுசூ எஞ்சின் வைத்த பின்தான் அதற்கு உயிர் வந்தது. ஆகவே குதிரைக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. இன்றைய செடான்களில் எல்லாமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டன என்பதுதான் என் கட்சி. தாண்டிய பிறகும் குதிரையையே எண்ணிக்கொண்டிருப்பது வீண்.

ரேஸ்காரர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை நினைத்துப் பாருங்கள். மாருதி 800-இன் அதே 796 சிசி எஞ்சின். நம் வீட்டு வாசலில் நின்ற வண்டியில் அது 40 குதிரைகூடக் கொடுக்காது. அந்தச் சின்னக் கார்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் தொடங்கிய பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். குதிரை குறைவாக இருந்தால் திருப்பத்தில் வேகத்தைச் சிந்தாமல் கொண்டுபோகக் கற்றுக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

சரி, நாம் ரேஸ் ஓட்டப் போவதில்லை. கடலூர்–சிதம்பரம் ரோடு இருக்கிறதே, 45 கிலோமீட்டர் சொச்சம், அதை எடுத்துக்கொள்வோம். நாம் பழகிய 45ஏ புளியமர ரோடு இப்போது நாலு வழி. முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாறு என்று ரோடு விரிந்து கிடக்கிறது. கால் தானாக அழுந்துகிறது. ரோடு மாறினாலும் ரோட்டில் வருபவர்கள் மாறவில்லை. தவறான பக்கத்தில் எதிரே வரும் மொபெட், பின் விளக்கு இல்லாத டிராக்டர், அறுவடை நாளில் ஒரு பக்கச் சாரி முழுக்கக் காயும் நெல், தடுப்பின் இடைவெளியில் யோசித்துக்கொண்டு நிற்கும் மாடு. இவை எதிலும் 160 குதிரை உங்களைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது பிரேக்கும் ஸ்டியரிங்கும்தான்.

காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் 60 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டு நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டும். 80-இல் 35 மீட்டர். 100-இல் 55 மீட்டர். வேகம் கொஞ்சம் கூடினால் தூரம் நிறையக் கூடும், வேகத்தின் வர்க்கமாக. இதற்கு முன்னால், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியில் 28 மீட்டர் போய்விடுகிறீர்கள். நம் வயதில் ஒரு வினாடி போதுமா என்று அவரவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கே வேறு. நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன், புதுச்சத்திரம் தாண்டி, நல்ல மழை. ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டுக்கு வந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஒடித்தேன். வண்டி திரும்பவில்லை. மூக்கு நேராகவே போனது, நான் ஒடித்தது யாருக்கோ என்பது போல. தண்ணீர் நின்ற பள்ளத்தில் இறங்கி, ஒரு சவுக்கு மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் சீட்டில் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள். தப்பு வண்டி மேல் இல்லை. முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டிருந்தன. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான். டயர் பட்டை 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்ன குதிரைத்திறன் ஆனாலும் அது ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அகல ரப்பரில்தான்.

இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளை பார்க்கும் செடான்கள் எல்லாமே முன் சக்கரத்தால் இழுபடுபவை. இழுப்பதும் அதே டயர், திருப்புவதும் அதே டயர். ஈர ரோட்டின் திருப்பத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால், இழுக்கவே அதன் பிடிமானம் செலவாகித் திருப்ப மிச்சம் இருக்காது. குதிரை கூடக் கூட இந்தத் தப்புக்கு இடமும் கூடுகிறது. ஈ.எஸ்.சி. என்ற ஏற்பாடு இப்போது வருகிறது. வண்டி வழுக்கினால் அதுவே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். அது இல்லாத வண்டியைப் பேரனுக்காகவாவது வாங்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஏரிக்கரையில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. லால்பேட்டை தாண்டியதும் மாப்பிள்ளை ஒரு நேர்ப் பாதையில் அழுத்தினார். முதுகு சீட்டோடு ஒட்டியது. பேரன் கைதட்டினான். அடுத்த வளைவில் வண்டி ஆடாமல் அசையாமல் கோடு போட்ட மாதிரி திரும்பியது. அதைப் பார்த்துத்தான் நான் கைதட்டினேன். கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் சரிவு. அந்த இடத்தில் எனக்கு வேறு எதுவும் கணக்கில் வரவில்லை. பின் சீட்டிலிருந்து என் மனைவி, "எதுக்கு இந்த அவசரம், பாலுக்கா உறை ஊத்தணும்?" என்றாள். ஆனால் அவளுக்கு வழக்கமாக வரும் வயிற்றுக் குமட்டல் அன்று வரவில்லை. இதை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். வண்டி ஆடுவதும் சாய்வதும் முதலில் தெரிவது பின் சீட்டுக்காரருக்குத்தான். ஓட்டுகிறவர் மட்டும் போய் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கார் வாங்குவது, மாப்பிள்ளை மட்டும் போய்ப் பெண் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

என் யோசனை இதுதான். விர்டஸிலும் அதன் உடன்பிறப்பு ஸ்கோடா ஸ்லாவியாவிலும் ஒரு லிட்டர் எஞ்சின் இருக்கிறது. 115 குதிரை, 178 நியூட்டன் மீட்டர். உடலும் அடித்தளமும் பெரிய எஞ்சின் வண்டியுடையதே. அதாவது கடிவாளம் அதே, குதிரை 35 குறைவு. மிச்சமாகும் பணத்தில் டயர் தேயத் தேயத் தயங்காமல் மாற்றலாம். மாப்பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்தார். "மாமா, உங்கள் வயசில் நானும் அதைத்தான் வாங்குவேன்" என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. புதுச்சத்திரம் சவுக்கு மரம் அவளுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

புக்கிங் இன்னும் போடவில்லை. மழை பிடித்த பிறகு, அதே கரையில், அதே ஐந்து பேரும் ஏறி, வெர்னா டர்போவையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. கடலூர், சிதம்பரம் பக்கத்தில் யாரிடமாவது அந்த வண்டி இருந்து, ஒரு காலைப் பொழுது இரவல் கொடுக்க மனம் இருந்தால் தெரிவியுங்கள். பெட்ரோல் எங்கள் செலவு. சேத்தியாத்தோப்பில் காப்பியும்.