வாங்கிய கருவியும் வழங்கப்படாத மொழியும்

கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவியவர்கள் அந்த மஞ்சள் ஆச்சரியக்குறியை அறிவார்கள். திரையில் எழுத்துகள் பூதாகாரமாக நிற்கும், ஒலி எழாது, வைஃபை இராது. ஒவ்வொன்றுக்கும் உரிய டிரைவரைத் தேடி நிறுவ வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இணையத்தை எட்டுவதற்கான டிரைவரும் அங்கேதான் இருக்கும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துச் சரிசெய்துகொண்டு, நம் அறியாமையை நொந்தபடி இதை மறந்துவிடுகிறோம். இது நம் அறியாமையால் நேர்வதன்று, விற்பவரின் ஏற்பாட்டால் நேர்வது என்கிறோம் நாங்கள்.

டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் கருவிக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையோ ஒலி அட்டையோ, கேட்டால் தன்னைத் தயாரித்தவரின் குறியெண்ணையும் தன் குறியெண்ணையும் சொல்லிவிடும். பெயரைச் சொல்லுமே தவிர, தன்னோடு எந்த மொழியில் பேசவேண்டும் என்பதைச் சொல்லாது. அம்மொழியின் இலக்கணத்தைப் பல தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. நமக்குத் தருவது ஒரேயொரு மொழிபெயர்ப்பாளரை. அவரும் இன்ன இயங்குதளத்தின் இன்ன பதிப்புக்கு மட்டுமே பணிபுரிவார்.

விளைவு என்ன? 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸின் கருவுக்குள் ஏறாது. தயாரிப்பாளர் புதிதாக ஒன்றை எழுதாவிட்டால், விளக்கும் கண்ணாடியும் மோட்டாரும் பழுதில்லாத ஸ்கேனர் ஒரே நாளில் குப்பையாகிறது. பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து காக்க முனைவோருக்கு இது சின்ன இழப்பன்று. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத கணினிகளில் லினக்ஸை நிறுவி வாழவைக்கலாம். ஆனால் அவற்றின் உறுப்புகளுக்கு அங்கே டிரைவர் இருந்தால்தான் அந்த வாழ்வு முழுமையடையும்.

இந்தப் பூசல் புதிதன்று. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதற்கு முன்பிருந்த பொறியின் மென்பொருளை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் ஒருவரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லை என ஒப்பந்தமிட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் பின்னணியில் இந்த மறுப்புக்கும் இடமுண்டு.

தொழில் இரகசியத்தைத் தெருவில் வைக்க முடியுமா என்று கேட்பார்கள். எந்த நிறுவனத்தின் யூ.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகினாலும் உடனே இயங்குகிறதே, எப்படி? அவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு மொழியை வகுத்து, எவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதனால் விசைப்பலகை வணிகம் நொடித்துப்போகவில்லை. மூடிய டிரைவர்களுக்காகப் பல்லாண்டு கண்டனம் கேட்ட என்விடியாவே 2022இல் தன் லினக்ஸ் டிரைவரின் கருநிலைப் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. எல்லாவற்றையும் அது திறந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் முடியாது என்ற சொல் பொய்த்தது.

தொழிற்சாலையின் வரைபடங்களை எவரும் கேட்கவில்லை. நாம் விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு எந்தக் கட்டளையை எப்படி அனுப்புவது என்ற குறிப்பேட்டைக் கேட்கிறோம். விற்கும்போது தர மனமில்லையா? ஆதரவைக் கைவிடும் நாளிலாவது அதை வெளியிடுங்கள். எழுத ஆளிருந்தால் அக்கருவி பிழைத்துக்கொள்ளும். அதற்கான சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பது நம் பணம்தான். அடுத்த அச்சுப்பொறியை வாங்கும்முன், தனி டிரைவர் இல்லாமல் இது லினக்ஸில் இயங்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.