பரங்கிக்குப் பெயரா பஞ்சம்?

மாநகர்ப் பேரங்காடிகளில் இற்றை நாளில் 'பட்டர்நட் இசுகுவாசு' என்னும் பெயர்ச்சீட்டைத் தாங்கிய காயொன்று வீற்றிருக்கின்றது. கழுத்து நீண்டு, அடி பருத்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் இருக்கும் அக்காயைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிச் செல்லும் தமிழர், தெருமுனைத் தள்ளுவண்டியிற் கிடக்கும் பரங்கிக் கீற்றைத் திரும்பியும் பாரார். நிலைத்திணை நூலார் 'குக்கர்பிட்டா மொசுகாட்டா' என்று குறிக்கும் ஓரினத்தைச் சேர்ந்தவையே அவ்விரண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 என்னும் பரங்கி வகைகளும் அவ்வினத்தனவே. சுவையிற் சிறு வேறுபாடு உண்டு, இனத்தில் இல்லை. பெயர் மாறியதும் மதிப்பு மாறிவிடுகின்றது!

"பரங்கி மட்டும் தமிழ்நாட்டுக் காயோ?" என்று நகையாடுவார் உளர். அன்று. அமெரிக்க நிலத்தின் முதுகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே பயிரிட்ட காய் அது. கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுக் கடற்செலவிற்குப் பின்னரே இக்கரை சேர்ந்தது. பரங்கியர் வழி வந்ததைப் பரங்கி என்றனர் முன்னோர். கொங்குநாட்டார் அதனை அரசாணி என்றனர். அவ்வாறே அமெரிக்காவினின்று வந்த பிறவற்றுள், மிளகுபோல் உறைத்தது மிளகாய் ஆயிற்று. நிலத்துள் விளைந்தது நிலக்கடலை ஆயிற்று. உருண்டிருந்தது உருளைக்கிழங்கு ஆயிற்று. வந்த பொருளை ஏற்றனர். வந்த பெயரை வாயிலிலேயே நிறுத்தினர். கல்லாத உழவர்க்கு இயன்றது, கற்ற தலைமுறைக்கு இயலாதோ?

'இசுகுவாசு' என்பதும் ஆங்கிலர் ஈன்ற சொல்லன்று. வடகிழக்கு அமெரிக்காவின் நரகான்செட்டு மக்கள் 'அசுகுட்டாசுகுவாசு' என்றதன் வாலை மட்டும் அவர்கள் அறுத்தெடுத்துக் கொண்டனர். 1643-இல் இரோசர் வில்லியம்சு அச்சொல்லைத் தம் நூலிற் பதிந்தார். 1675-இல் ஆங்கிலக் குடியேறிகள் அம்மக்களின் கோட்டையைத் தீக்கிரையாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மொழி அன்றாடப் பேச்சு வழக்கை இழந்தது. வழித்தோன்றல்கள் இன்று அதனை மீட்கப் பாடுபடுகின்றனர். பறிக்கப்பட்டு இழந்தார் அவர். விலை கொடுத்து இழக்கின்றார் தமிழர்!

'குளிர்கால இசுகுவாசு' என்னும் பெயரும் மயக்குவதே. குளிர்காலத்தில் விளைவதன்று அது. கொடியிலேயே முற்றவிட்டு, இலையுதிர் காலத்திற் பறித்து, குளிர்காலம் முழுதும் வைத்துண்பது. முற்றற் பரங்கி எனின் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

இனமறியக் காம்பே சான்று. காம்பு கடினமாய், ஐந்து விளிம்புடன், காயைத் தொடுமிடத்தில் விரிந்திருப்பின் அது நாட்டுப் பரங்கியின் இனம், பட்டர்நட்டும் அதுவே. காம்பு உருண்டு பருத்துத் தக்கைபோல் மெத்தென்றிருப்பின் 'மாக்சிமா' இனம். ஐந்து விளிம்புடன் கடினமாயிருந்தும் அடி விரியாதிருப்பின் 'பெப்போ' இனம். நெடுக்கே விலாவெலும்பு போன்ற மேடுகளையுடைய 'ஏகார்ன்' வகையும், வெந்தபின் சதை நூல் நூலாய்ப் பிரியும் 'சுபாகெட்டி' வகையும் இதனுள் அடங்கும். குடுவைப் பரங்கி, விலாப் பரங்கி, நூற்பரங்கி என்று இவற்றை அழைக்கத் தடை யாது?

சமைப்பதற்கும் புதுக்கலை வேண்டுவதில்லை. நன்கு முற்றிய காயின் தோலில் நகம் இறங்காது, பளபளப்பு மங்கியிருக்கும். காம்போடு கூடிய முழுக்காய் காற்றோட்டமான நிழலில் நெடுநாள் கெடாதிருக்கும். குடுவைப் பரங்கியின் கழுத்தில் விதையில்லை. அதனைப் பொரியலுக்கும், அடிப்பகுதியை விதை நீக்கிக் கூட்டிற்கும் கொள்ளலாம். தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்த எண்ணெயில் இட்டு, உப்பிட்டு, ஒரு கை நீர் தெளித்து மூடிச் சிறு தீயில் வைத்தால் கால்மணி நேரத்தில் வெந்துவிடும். தேங்காய்த் துருவல் தூவி இறக்குக. பச்சை மொச்சையொடு சேர்ந்த புளிக்குழம்பிற்கும் அது நாட்டுப் பரங்கியைப் போலவே பொருந்தும். நூற்பரங்கியை இரண்டாய்ப் பிளந்து, விதை நீக்கி, ஆவியில் வேகவைத்து, முட்கரண்டியாற் சுரண்டினால் நூல் பிரியும். அதனை இடியாப்பம் போல் தாளித்து உண்ணலாம். எவ்வகையாயினும் கடுங்கசப்புடைய காயை உண்ணலாகாது, அக்கசப்பு நஞ்சு.

அடுத்த முறை அங்காடிக்குச் செல்லும் தமிழர், "குடுவைப் பரங்கி தருக" என்று கேட்கட்டும். கடைக்காரர் முதல்நாள் விழிப்பார், மறுநாள் வினவுவார், பின்னொரு நாள் சீட்டை மாற்றி எழுதுவார். வாங்குவோர் வாயில் இல்லாத சொல், விற்போர் சீட்டில் ஒருநாளும் வாராது!