கொட்டகைக்கு அனுப்பினால் காசநோய் நிற்குமா?

பொம்மிடிக்கு அருகே ஒரு கிராமத்தில் துவரை வயலைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது மாட்டுக் கொட்டகையிலிருந்து இருமல் கேட்டது. விவசாயியின் மூத்த மகன் அங்கே தனிக் கட்டிலில் படுத்திருந்தார். பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர். காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிறதாம். தட்டு தனி, தம்ளர் தனி. “சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு, ஐயா. வேறு என்ன செய்வது?” என்றார் தகப்பனார்.

அவர் கவலை நியாயமானதே. ஆனால் காவல் போட்டது பயிர் மேய்ந்த பிறகு. மாத்திரை தொடங்குவதற்கு முன் மூன்று மாதம் அந்த இளைஞர் இதே வீட்டில், ஜன்னலை அடைத்த ஒரே அறையில், பிள்ளைகளோடு படுத்து இருமியிருக்கிறார். அப்போது யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை.

காசநோய் தட்டு, தம்ளர் மூலம் பரவுவதில்லை. இருமும்போது வெளிவரும் கிருமி அடைத்த அறையின் காற்றில் வெகுநேரம் மிதக்கும். சந்தையில் சிறிது நேரம் பக்கத்தில் நின்றவரைவிட, இரவெல்லாம் அந்தக் காற்றைச் சுவாசித்தவருக்கே ஆபத்து அதிகம். வேலைத்தலத்துத் தகரக் கொட்டகையில் நெருக்கிப் படுப்பவர்களும் இந்தக் கணக்கில் ஒரே குடும்பந்தான். திறந்த வயலில் சேர்ந்து களை எடுப்பதில் ஆபத்து மிகக் குறைவு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் சில வாரங்களில் நோயைப் பரப்பும் தன்மை பெரிதும் அடங்கிவிடும்.

இதை உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய சென்னை காசநோய் ஆய்வு மையத்தில் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் இருந்தனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே ஓராண்டு மருந்து சாப்பிட்டனர். பிறகு இரு பிரிவினரின் வீட்டாரையும் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. வந்த ஆபத்தில் பெரும்பங்கு நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே வந்துவிட்டது.

எனவே இரண்டு வாரம் இருமல் நின்றபாடில்லை என்றால் அன்றே சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நோய் உறுதியானால் வீட்டார் அனைவரும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம்.

விவசாயப் பக்கத்தில் எழுதும் எனக்கு இன்னொரு ஆய்வுதான் முக்கியமாகப் படுகிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, நோயாளிகளின் வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் அரிசி 5 கிலோ, பருப்பு ஒன்றரை கிலோ, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். உணவு பெறாத குடும்பங்களோடு ஒப்பிட்டால் அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உடம்பில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மெலிந்த உடம்பில்தான் அது எளிதில் தலைதூக்குகிறது.

நோயாளிக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. நல்லதுதான். ஆனால் வீட்டாருக்கு உணவு கிடைப்பது கொடையாளர் மனத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. அதை ரேஷன் கார்டிலேயே சேர்த்து, சிகிச்சை முடியும்வரை ஆளுக்கு ஒன்றரை கிலோ பருப்பு என்று கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த விவசாயி சென்ற வருடத் துவரையை ஒரு படிகூட வைக்காமல் கடனுக்காக விற்றவர். குழந்தைகளின் கைகால்களைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த முறை வீட்டுச் செலவுக்கு ஒரு மூட்டை நிறுத்திக் கொள்கிறேன் என்றார். நான் புறப்படும்போது கட்டில் திண்ணைக்கு வந்துவிட்டது. பேரப் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாரா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.