வெயிலுக்கும் மழைக்கும் ஒரே உடையா?



சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருவழிச் சாலையை நம் மக்கள் இன்றும் ஜி.என்.டி. சாலை என்றே அழைக்கிறார்கள். செங்குன்றம், சோழவரம், காரனோடை, தச்சூர் என ஊர்களைத் தாண்டி அது கவரைப்பேட்டையை அடைகிறது. அதற்குச் சற்று வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஷிப்டு மாறும் வேளையில் இச்சாலையோரம் கால் மணி நேரம் நின்றால் இரு வகையான மோட்டார் சைக்கிள்காரர்களைக் காணலாம்.

ஒருவர் நெடுந்தூரப் பயணி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாகத் தைத்த ‘ரைடிங் சூட்’ அணிந்திருப்பார். தொழிற்சாலைகளில் அணியும் பாய்லர் சூட்டைப் போன்ற அமைப்பு. ஆனால் துணி தடித்தது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் அடியைத் தாங்கும் பட்டைகள் இருக்கும். மற்றவர் வேலைக்குச் செல்லும் தொழிலாளி. பருத்திச் சட்டை, சாதாரணப் பேண்ட், காலில் செருப்பு. முதலாமவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

“இந்த வெயிலில் அதை யார் போட்டுக்கொள்வது?” என்பதே பலரின் பதில். அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. ஆனால் மீதிப் பாதியை நாம் ஆராயாமல் விட்டுவிட்டோம். வெயிலைக் காரணம் காட்டிக் கவசத்தை ஒதுக்குவதும் தவறு. குளிர்நாட்டுக் கவசத்தை அப்படியே இறக்குமதி செய்து அணிவதும் தவறு. நம் தட்பவெப்பத்தில் சோதிக்கப்பட்ட கவச உடையை நாமே உருவாக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை முறையாகக் காண்போம்.

பந்தயத்தில் பிறந்த உடை

இந்த முழு உடை முதலில் பாதுகாப்பை எண்ணித் தோன்றியதன்று. 1950-ஆம் ஆண்டளவில் ஜெஃப் டியூக் என்ற ஆங்கிலேயப் பந்தய வீரர், உடலோடு ஒட்டிய ஒரே உடுப்பாகத் தோலாடை தைத்து அணிந்தார். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதே அவரது நோக்கம். இடுப்பில் மேலாடை, கீழாடை என்ற பிரிவு இல்லாததால், விழுந்து சறுக்கும்போது மேலாடை சுருண்டு முதுகு வெளிப்படுவதில்லை என்ற நன்மையும் கிடைத்தது. மழைநீர் இடுப்பு வழியே உட்புகுவதும் குறைந்தது.

நம் பகுதிக்கும் மோட்டார் பந்தயம் புதிதன்று. கவரைப்பேட்டைக்குத் தெற்கே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஆனால் பந்தய வீரர் சில சுற்றுகள் ஓடிவிட்டு நிழலில் ஒதுங்கி உடையைக் கழற்றிவிடலாம். தொழிலாளியோ சித்திரையிலும் ஐப்பசியிலும் அதே சாலையில் தினம் இருமுறை சென்று வரவேண்டியவர். பந்தயத்துக்கு ஏற்ற உடை அவருக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மூன்றரை வினாடிக் கணக்கு

கவசம் எதற்கு என்பதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அந்த வேகத்தில் செல்லும்போது அவரது இயக்க ஆற்றல் சுமார் 8,300 ஜூல். அவர் வண்டியிலிருந்து விழுந்து சாலையில் சறுக்குகிறார் என்று கொள்வோம். உடைக்கும் சாலைக்கும் இடையேயான உராய்வுக் கெழு 0.5 எனில், அவர் நிற்பதற்குச் சுமார் 28 மீட்டர் தூரமும், ஏறத்தாழ மூன்றரை வினாடி நேரமும் ஆகும். அந்த 8,300 ஜூலில் பெரும்பகுதி, உடையும் தோலும் தேய்வதிலும் சூடேறுவதிலும் செலவாகிறது.

மெல்லிய பருத்திச் சட்டை இத்தகைய உராய்வை ஒரு வினாடிகூடத் தாங்காது. அதற்குப் பிறகு தேய்வது நம் தோல்தான். ஐரோப்பாவில் 2002-இல் வகுத்த ஒரு தரத்தின்படி, கவச உடையின் முக்கியப் பகுதிகளை ஓடும் உராய்ப்புப் பட்டையின் மீது அழுத்திச் சோதித்தார்கள். துளை விழாமல் குறைந்தது 4 வினாடி தாங்கவேண்டும். உயர்தர உடை 7 வினாடி தாங்கவேண்டும். (2020-இல் அதற்குப் பதிலாகப் புதிய தரம் வந்துள்ளது.) நம் கணக்கில் வந்த மூன்றரை வினாடியை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்!

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். உயிர் பிழைத்தும் தோல் கிழிந்து, மூட்டு உடைந்து, மாதக்கணக்கில் கூலியை இழப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. தலைக்கவசம் தலையைக் காக்கும். கை, கால், முதுகைக் காப்பது உடையின் வேலை.

வியர்வையின் இயற்பியல்

இனி வெயிலைப் பற்றிய வாதத்தைப் பார்ப்போம். நம் உடல் சும்மா இருக்கும்போதே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது அந்த வெப்பம் வெளியேற ஒரே வழிதான் உண்டு. அது வியர்வை ஆவியாதல். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆனால் ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. காற்று புகாத உடைக்குள் வியர்வை வெள்ளமாக ஓடியும் புழுங்குவதன் காரணம் இதுவே.

வியர்வை ஆவியாகும் விரைவு, தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் சுற்றுக் காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 35 டிகிரி செல்சியஸில் உள்ள ஈரத் தோலின் மேல் நீராவி அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். கத்திரி வெயிலில், கடற்காற்று வருமுன், வெப்பநிலை 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று கொள்வோம். காற்றின் நீராவி அழுத்தம் சுமார் 17, வேறுபாடு 25. இன்னொரு நாள் வெப்பநிலை 31 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம். அப்போது காற்றின் நீராவி அழுத்தம் 27. வேறுபாடு 15 மட்டுமே. வெப்பமானி குறைவாகக் காட்டும் நாளில்தான் வியர்வை மெதுவாக உலர்கிறது. கடலோர மக்கள் வெயிலைவிடப் புழுக்கத்தை அதிகம் நோவதற்கு இதுவே விளக்கம்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில் வேகமாகச் செல்பவர் மீது வீசும் காற்று தோலைவிடச் சூடானது. அது வெப்பத்தை எடுத்துச் செல்வதற்குப் பதிலாகக் கொண்டுவந்து சேர்க்கும். நண்பகல் வெயிலோ ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,000 வாட் அளவுக்கு விழும். திறந்த கைகள் இவ்விரண்டையும் நேராக ஏற்கின்றன. ஆகவே கடும் வெயிலில் உடலை மூடுவது மடமையன்று. வயலில் தலைப்பாகை கட்டும் உழவரைக் கேட்டால் தெரியும். வெளிர் நிறமும், வேண்டும்போது திறந்து மூடக்கூடிய காற்று வழிகளும் உடைய உடை, வெறும் கையைவிட நன்மை செய்யலாம். ஆனால் வண்டி சிக்னலில் நின்றவுடன் காற்றும் நின்றுவிடுகிறது. அங்கேதான் கனத்த முழு உடை தோற்கிறது. இடுப்பில் திறப்பு இல்லாததால் அடிவழிக் காற்றோட்டமும் இராது. உடல் சூடேறினால் கவனமும் சிதறும். எனவே புழுங்காமல் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

மழையில் அதே விதி எதிரியாகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் நண்பனாக இருந்த ஆவியாதல் இப்போது எதிரியாகிறது. சட்டையும் பேண்டும் அரை லிட்டர் நீரைக் குடித்திருந்தால், அது முழுதும் ஆவியாக 12 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். வேகக் காற்றில் அதன் பெரும்பகுதியை நம் உடலே கொடுக்கிறது. மார்கழி இரவில் 22 டிகிரியில்கூட நனைந்த ஓட்டுநரின் விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கத் தாமதமாவது இதனால்தான்.

நீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடும் படலம் ஒன்றை, 1969-இல் அமெரிக்கரான ராபர்ட் கோர், டெஃப்லானைச் சட்டென இழுத்து விரித்து உருவாக்க வழி கண்டார். அதன் நுண்துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை. நீராவி மூலக்கூறுக்குப் பெரியவை. விலை உயர்ந்த சவாரி உடைகளில் இப்படலம் உண்டு. ஆனால் நீராவியை வெளியே தள்ளுவது அதே அழுத்த வேறுபாடுதான். குளிர்ந்த நாட்டில் நன்றாக இயங்கும் படலம், ஈரம் செறிந்த நம் கடலோரக் காற்றில் அந்த அளவுக்கு இயங்காது. வெளிநாட்டு முத்திரையைக் கண்டு மயங்கக்கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களில் வெதுவெதுப்பான நீரைச் சம அளவில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதை ஈரத் துணியால் சுற்றுங்கள். மூன்றாவதை ஈரத் துணியால் சுற்றி, அதன்மேல் பாலிதீன் உறையை இறுகக் கட்டுங்கள். மூன்றையும் மின்விசிறிக்கு முன் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். உலர்ந்த நாளில் ஒருமுறையும் மழை நாளில் ஒருமுறையும் செய்து வரைபடம் தீட்டுங்கள். நல்ல சவாரி உடை எப்படி இருக்கவேண்டும் என்பதை அந்த வரைபடமே சொல்லும்.

அளந்தால் வழி பிறக்கும்

தலைக்கவசத்தின் வரலாறு நமக்கு ஒரு பாடம். 1935-இல் டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-இல் முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கோருகிறது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத தலைக்கவசத்தை விற்கக்கூடாது. முதலில் அளவீடு, பின்பு தரம், அதன் பின்பே பழக்கம். இதுதான் வரிசை.

உடைக்கும் இவ்வரிசை வேண்டும். ஆஸ்திரேலியாவில் கான்பெரா வட்டாரத்தில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வின்படி, கவச உடை அணிந்தவர்கள் மருத்துவமனையில் தங்கவேண்டிய நிலை குறைந்திருந்தது. ஆயினும் அவர்களுடைய ஜாக்கெட்டுகளில் நான்கில் ஒன்றுக்குமேல் விபத்தில் சிதைந்து பயனற்றுப் போயின. பின்னர் 2018-இல், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ‘மோட்டோகேப்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. கடைகளில் விற்கும் உடைகளை வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண், வெப்பத்தில் உடல் சுவாசிக்கும் தன்மைக்குத் தனி மதிப்பெண் வழங்குகிறார்கள்.

இத்தகைய இரட்டை மதிப்பெண் நமக்கு இன்னும் அவசியம். அதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1948 முதல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. ஆம்பூர், இராணிப்பேட்டையில் தோல், திருப்பூரில் துணி, தைக்கும் கைகளுக்கோ குறைவில்லை. உலகுக்கெல்லாம் உடுப்பு தைத்து அனுப்பும் நாடு, தன் தொழிலாளிக்கு ஏற்ற சவாரி உடையைத் தைக்க முடியாதா? 31 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் அச்சோதனைச் சாலையின் முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

விலையும் ஒரு தடைதான். நல்ல முழு உடை பலரது மாதக் கூலியையும் விஞ்சும். ஆகவே எல்லோருக்கும் முழு உடை என்று நான் வாதிடவில்லை. முழங்கால், முழங்கைப் பட்டைகளுடன் காற்றோட்டமான வலைத்துணி மேலுடுப்பு, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, மழைக்குத் தனியாக அணிந்து கழற்றும் மேலுறை எனப் பிரித்துச் செய்தால் விலை குறையும். பருவத்துக்கேற்ப மாற்றவும் முடியும். பாதுகாப்புக் காலணியும் தொப்பியும் கொடுக்கும் தொழிற்சாலைகள், வாசலுக்கு வெளியே நடக்கும் பயணத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

மாணவர்களே! வண்டி ஓட்டும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தந்தையின் பின்னால் அமர்ந்து செல்கிறீர்கள். தார்ச் சாலைக்கு முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் என்ற வேறுபாடு தெரியாது. இன்று செருப்புக்குப் பதில் ஷூவும், தலைக்கவசமும் அணியக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை உங்களில் ஒருவர் நெசவுப் பொறியாளராகவோ தோல் விஞ்ஞானியாகவோ ஆகும்போது, கவரைப்பேட்டை வெயிலிலும் மழையிலும் ஒரு தொழிலாளி முகம் சுளிக்காமல் அணிந்துகொள்ளும் உடையைச் செய்து கொடுங்கள். அது பந்தயக் கோப்பையைவிடப் பெரிய வெற்றியாகும்.