போதைப் பழக்கமும் உண்டு, வீடும் இல்லை: வடசென்னை நடைபாதைவாசிகளுக்குச் சிகிச்சை ஏன் எட்டுவதில்லை?

மாத்தூர், மணலி, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி இயங்கும் வடசென்னையில், கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. அந்தச் சாலையோரங்களிலேயே படுத்து எழுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் போதைக்கு அடிமையானவர்கள் அல்ல. பலர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் வீடும் இல்லாமல், போதையிலும் சிக்கியவர்களுக்கு அரசின் எந்தக் கதவும் எளிதில் திறப்பதில்லை. ஏன்?

ஒரு நாள் எப்படிப் போகிறது?

ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்குப் பழகிய உடல், கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி கேட்கத் தொடங்கும். உடம்பு முறிக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு வரும், தூக்கம் போய்விடும். இரண்டு, மூன்று நாளில் இது உச்சத்தைத் தொடும். எனவே காலையில் எழுந்ததும் பணம் தேடுவது சந்தோஷத்துக்காக அல்ல, இந்த வலியை நிறுத்துவதற்காக.

அந்தப் பணம் இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்கிக் காயலான் கடையில் போடுவதிலோ, லோடு இறக்குவதிலோ, கையேந்துவதிலோ வருகிறது. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கும் ஊரில்கூட, சாப்பாடு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. ராத்திரி கொசு, மழை, பொருள் திருட்டு, யாராவது அடித்து எழுப்பிவிடுவார்களோ என்ற பயம். ‘போட்டாத்தான் தூக்கம் வரும்’ என்ற நிலைக்குத் தெருவே தள்ளுகிறது.

என்ன போதை?

சென்னைக்கு இது புதிதல்ல. 1980-களில் ‘பிரவுன் சுகர்’ புகை. 1990-களில் பலர் புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். மது, கஞ்சாவோடு இப்போது வலி நிவாரணி மாத்திரைகளும் சேர்ந்திருக்கின்றன. டிராமடால் 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அதன் பிறகு டேபென்டடால் மாத்திரைகள் சென்னையில் அடிக்கடி பிடிபடுகின்றன. இவற்றைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் உள்ள கரையாத பொருள் ரத்தக்குழாயை அடைக்கும்; கையில், காலில் சீழ்ப்புண் வரும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரவும்.

2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, நாட்டில் ஊசி மூலம் போதை எடுப்பவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 27-ன்படி போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. வீடற்றவர்களுக்கு அரசு மனநல மையங்களில் இலவசச் சிகிச்சை உரிமை என்கிறது.

பிறகு ஏன் போவதில்லை?

சிகிச்சை இடங்கள் இல்லாமல் இல்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

உள்நோயாளியாகச் சேரும்போது ‘கூட யார் இருக்காங்க?’ என்ற கேள்வி வரும். தெருவில் இருப்பவருக்குக் கூட இருக்க ஆள் இல்லை. ஆதார் அட்டை எப்போதோ தொலைந்திருக்கும். சரி, விடுதிக்குப் போகலாமா? ஒரு லட்சம் பேருக்கு ஒரு இரவுத் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. மாநகராட்சிக் காப்பகங்களும் உள்ளன. ஆனால் போதையில் வருபவரைச் சேர்க்கக் காப்பகங்கள் தயங்குகின்றன. மற்றவர்களின் பாதுகாப்பையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பதால் அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. மருத்துவமனை ‘வீடு எங்கே?’ என்கிறது, காப்பகம் ‘பழக்கத்தை விட்டுட்டு வா’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு மிஞ்சுவது நடைபாதைதான்.

சிகிச்சை முடிந்து தெருவுக்கே திரும்பினால்?

இதுதான் உயிருக்கே ஆபத்தான கட்டம். சில வாரம் விலகியிருந்தால் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்று போகலாம். சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மையத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கோடு, வெளியே வந்த அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

வேறு வழி உண்டா?

‘முதலில் வீடு’ என்ற அணுகுமுறை 1992-ல் நியூயார்க்கில் தொடங்கியது. பழக்கத்தை விட்டால்தான் அறை என்று சொல்லாமல், அறையைக் கொடுத்துவிட்டுச் சிகிச்சையைத் தொடர்வது. பின்லாந்து 2008 முதல் அதைத் தேசியக் கொள்கையாக்கி, வீடற்றோர் எண்ணிக்கையைக் குறைத்தது.

அந்த அளவுக்குப் பணம் இங்கே இல்லை என்று சொல்லலாம். ஆனால் சிறிய வேலைகள் சில உண்டு: சிகிச்சை முடித்தவர்களுக்கென்று தனிக் காப்பகம், நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாற்று மருந்து அவர்கள் இருக்கும் பகுதியிலேயே கிடைப்பது, மருத்துவமனையில் துணையாக நிற்கச் சமூகப் பணியாளர். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் மாற்று மருந்தையும் புது ஊசியையும் ஏற்கெனவே அனுமதிக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

உதவி தேவைப்பட்டால் தேசிய போதை மீட்பு எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். கையில் போன் இல்லாதவருக்காக நீங்களும் அழைத்துக் கேட்கலாம்.