மூன்று லட்ச ரூபாய் மென்பொருள்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 420 உறுப்பினர்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு. இடுபொருள் கடை நடத்துகிறோம், அறுவடையின்போது நெல்லும் கடலையும் கொள்முதல் செய்கிறோம். ஆண்டு விற்பனை சுமார் 60 லட்சம். செலவு போக 4 சதவீதம் கையில் நிற்கும். உறுப்பினர் கணக்கு, இருப்பு, கொள்முதல், விற்பனை, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளை 3 லட்சத்துக்குத் தருவதாக ஒரு கம்பெனியார் சொல்கிறார்கள். மானியத்தின் கடைசி ஆண்டு என்பதால் இப்போதே வாங்கிவிடலாம் என்கிறார்கள் சக இயக்குநர்கள். வாங்கலாமா?
- ஓர் இயக்குநர், சாக்கோட்டை வட்டாரம்

பதில்: நீங்கள் சொன்ன அளவில் நடக்கும் நிறுவனத்துக்கு இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இயக்குநர் கூட்டத்தில் வைத்துப் பேச உதவும்.

டிராக்டர் வாங்கும்போது ஷோரூம் விலையை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. டீசல், டயர், டிரைவர் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறோம். மென்பொருளுக்கும் அப்படி 5 ஆண்டுக் கணக்கு போட வேண்டும்.

விலை 3,00,000. முதல் ஆண்டு போக, அடுத்த 4 ஆண்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. விலையில் 18 சதவீதம் கேட்டால் ஆண்டுக்கு 54,000, நான்கு ஆண்டுக்கு 2,16,000. இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 92,880. கம்பெனிக்குக் கொடுப்பது மட்டும் 6,08,880 ஆகிவிட்டது.

இனி நம் பக்கத்துச் செலவு. இரண்டு கணினி, பிரிண்டர், யு.பி.எஸ். ஒரு லட்சம் என்று வையுங்கள். பழைய உறுப்பினர் கணக்கை ஏற்றுவது, பயிற்சி, 'இந்த ரசீதை இப்படி மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்கும்போது ஆகும் கூடுதல் கட்டணம், எல்லாம் சேர்த்து 70,000. தினமும் பதிவு செய்ய ஓர் ஆளுக்கு அரை நேர வேலைக்கு மாதம் 6,000 கொடுத்தாலும் 5 ஆண்டுக்கு 3,60,000.

மொத்தம் 11,38,880. ஆண்டுக்கு சுமார் 2,28,000 ரூபாய்.

உங்கள் 60 லட்சம் விற்பனையில் 4 சதவீதம் என்பது 2,40,000. மென்பொருளுக்குப் போக மிஞ்சுவது ஏறத்தாழ 12,000 ரூபாய்தான். உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 540 ரூபாய்க்கு மேல் செலவு. அவர் போட்ட பங்கே ஆயிரம் ரூபாய்தான். 'ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே' என்று சொல்வார்கள். வரிவிலக்கு உள்ள விளைபொருள் விற்பனைக்குரிய பங்குக்கு அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியத்தில் வாங்கினால் நம் பணம் இல்லையே என்று தோன்றும். 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் மேலாண்மைச் செலவுக்கு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்து 18 லட்சம் வரை கிடைக்கும். அதற்குப் பிறகு கிடையாது. மென்பொருளின் பராமரிப்புக் கட்டணமோ மானியம் நிற்கும் ஆண்டில்தான் தொடங்கும். அதைக் கட்டாவிட்டால், பழுது வரும் அன்று போனை எடுக்க ஆள் இருக்காது.

அரசாங்கமே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய். சங்கத்துக்குச் சராசரியாக 4 லட்சம். நாடு முழுவதற்கும் ஒரே மென்பொருளைச் செய்தும் இவ்வளவு ஆகிறது. ஏனென்றால் கணினி, பழைய கணக்கை ஏற்றுதல், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் அதில் அடக்கம். மென்பொருளை மட்டும் வாங்கினால் வேலை முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு இது பயன்படும்? உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரு நாளில் எத்தனை பதிவு என்று பாருங்கள். பால் சங்கத்தில் காலையும் மாலையும் ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பு பார்த்து, விலை போட வேண்டும். ஆண்டு முழுவதும் இது நடக்கிறது. அங்கே கருவியும் மென்பொருளும் போட்ட பணத்தை எடுத்துவிடும். உங்களுக்குக் கொள்முதல் அறுவடைச் சமயத்தில் சில வாரங்கள்தான். நாலைந்து கொள்முதல் மையங்கள், சொந்தமாகச் செக்கு அல்லது அரவை ஆலை, இரண்டு மூன்று கிட்டங்கி என்று விரிந்தால், எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பதை நோட்டில் பார்ப்பது கடினம். அன்றைக்கு இதே கேள்வியை மறுபடி கேளுங்கள், பதில் மாறும்.

இன்னொன்று. பணம் எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கடலைக் கொள்முதலில் நட்டம் வருவது ஈரப்பதம் பார்க்காமல் எடுப்பதால், மண்ணும் கல்லும் கழிக்காமல் எடை போடுவதால், சாக்கு எண்ணிக்கை எழுதாததால். தராசு அருகே நிற்பவர் தவறாக எழுதிய எடையை எந்த மென்பொருளும் திருத்தாது. ஈரப்பதமானி ஒன்றும், முத்திரையிட்ட தராசும், மூன்று படி ரசீதுப் புத்தகமும் இந்த ஒழுகலை அடைத்துவிடும். உரக் கடையிலும் பாருங்கள். மானிய உரத்தை பி.ஓ.எஸ். கருவியில் ஆதார் பதிவு செய்துதான் விற்கிறீர்கள். புதிய மென்பொருள் அந்தக் கருவியோடு பேசாது என்றால், ஒரு மூட்டை யூரியாவை இரண்டு முறை பதிய வேண்டும்.

நம் செட்டிநாட்டுக்குக் கணக்கு புதிதல்ல. பர்மா, இலங்கை, மலாயாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார், அங்கே ஏஜெண்டு எழுதிய கணக்கைக் கொண்டுதான் ஊரிலிருந்து தொழிலைக் கண்காணித்தார்கள். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை. அதற்கு அடிப்படை அன்றைய வரவு செலவை அன்றே எழுதும் பழக்கம். அந்தப் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் எந்த மென்பொருளும் உதவும். இல்லாவிட்டால் 3 லட்சம் கொடுத்தும் மாதக் கடைசியில் மொத்தமாகத்தான் பதிவார்கள்.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுடையது கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகள், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி காட்டும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். இதைப் பற்றி ஆடிட்டர் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். எக்ஸெல் தாளில் அந்தத் தடம் கிடையாது. ஆகவே அந்த வசதி உள்ள சாதாரணக் கணக்கு மென்பொருள் ஒன்று போதும். விலை தெரிவதற்காக ஒன்றைச் சொல்கிறேன்: டேலி பிரைம் ஒரு கணினி உரிமம் 22,500 ரூபாய்க்கும், ஆண்டுப் புதுப்பிப்பு 4,500 ரூபாய்க்கும் விற்கப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. சேர்த்து 5 ஆண்டுக்கு 47,790 ரூபாய். மேலே சொன்ன 6,08,880-உடன் ஒப்பிட வேண்டிய தொகை இதுதான். வாங்கும் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலவச ஈ.ஆர்.பி.யும் உண்டு. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் அப்படிப்பட்டது, நிரலுக்குக் காசில்லை. ஆனால் அதை நிறுவவும், சர்வர் வாடகைக்கும், பழுது பார்க்கவும் செலவு உண்டு. இலவசமாக வந்த மாட்டுக்கும் தீவனம் வேண்டும்.

பிற்காலத்தில் பெரிய மென்பொருள் வாங்கும் நிலை வந்தால், கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள்:

1. ஐந்து ஆண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, எவ்வளவு உயரும்?
2. மாற்றம் கேட்டால் எதற்குக் கட்டணம், எதற்கு இல்லை?
3. விலகும்போது எங்கள் கணக்கு முழுவதையும் எக்ஸெல் வடிவில் திருப்பித் தருவீர்களா? கணக்கை 8 ஆண்டு பாதுகாக்கச் சட்டம் சொல்கிறது. கம்பெனி மூடிப் போனாலும் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும்.
4. தினசரி நகல் இந்தியாவிலுள்ள சர்வரில் சேமிக்கப்படுகிறதா?
5. இதே மென்பொருளை இரண்டு ஆண்டாவது பயன்படுத்தும் வேறு உழவர் நிறுவனம் எது? நேரில் போய், இயக்குநரைவிடப் பதிவு செய்யும் ஊழியரிடம் கேளுங்கள்.

தொடங்கும் நாளும் முக்கியம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் 11 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட புதிய மென்பொருளை, பண்டிகை ஆர்டர்கள் குவியும் ஜூலையில் தொடங்கியது. கிட்டங்கியில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திணறியது. நமக்குத் தை, மாசியில் சம்பா அறுவடை. அப்போது கணக்கு முறையை மாற்றாதீர்கள். ஏப்ரல் 1-ல் தொடங்கி, ஒரு பருவம் முழுவதும் நோட்டையும் சேர்த்து எழுதி, இரண்டும் ஒத்துவந்த பிறகே நோட்டை நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்கான கடவுச்சொல் தலைமைச் செயல் அலுவலரிடம் மட்டுமே இருக்கிறது. இது சரியா?
- ஒரு வாசகி, கல்லல்

பதில்: சரியல்ல அம்மா. அவர் நல்லவரா இல்லையா என்பது வேறு பேச்சு. நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டால் கணக்கைத் திறக்க ஆள் இருக்காது. முதன்மைக் கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி, இரண்டு இயக்குநர் கையெழுத்துடன் பீரோவில் வையுங்கள். பதிவு செய்பவருக்கும் பார்வையிடுபவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுங்கள். மாதம் ஒரு முறை கணக்கின் நகலைப் பென் டிரைவில் எடுத்து அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். மூன்றையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிடுங்கள்.